பத்து மணிக்குத் திறக்கும் ஜார்

ஓட்ஸை இரவில் ஊறவைத்துக் காலையில் சாப்பிடுவதற்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். வீட்டில் செய்து வீட்டிலேயே சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கிண்ணமும் ஒரு ஃபிரிட்ஜும் போதும். அதையே கண்ணாடி ஜாரில் அடைத்து, சென்னை வெயிலில் பைக்கில் ஏற்றி, ஓ.எம்.ஆர். நெரிசலில் கொண்டுபோய்ச் சேர்த்து, ஏதோ ஓர் அலுவலகத்தின் ஏழாவது மாடியில் ஒருவர் பத்து மணிக்கு மூடியைத் திறக்கும்போது பழம் பழமாகவும் தயிர் தயிராகவும் இருக்க வேண்டுமென்றால், அங்கேதான் தொழில் ஆரம்பிக்கிறது. வேளச்சேரியில் சிறிய சமையல்கூடம் வைத்து இந்தக் காலை உணவைச் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. நாங்கள் விடியற்காலையில் செய்வது விடியற்காலைச் சாப்பாடு கிடையாது. கையை விட்டுப் போன பிறகு அந்த ஜாருக்குள் ஐந்து மணி நேரம் என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சமைக்கிறோம்.

தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று நீளும் அந்தச் சாலையில் வேலை பார்க்கிறவர்களில் எத்தனையோ பேர் வெறும் வயிற்றோடு கிளம்பி வருகிறார்கள். வீட்டில் இட்லி இருக்கும். உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. டப்பாவில் கட்டிக்கொண்டு வந்தால் சட்னி கசியும், இட்லி விறைத்துவிடும். பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் ஒரு டீ, இரண்டு சமோசா என்று முடித்துக்கொள்வார்கள். ஒரு கையில் ஸ்பூனும் இன்னொரு கையில் மவுஸுமாகச் சாப்பிடக்கூடிய, ஆறிப்போவது என்ற பேச்சே இல்லாத ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. குளிர்ச்சியாகவே சாப்பிடும் ஓட்ஸ் அதற்குப் பொருந்தி வந்தது.

அடுப்பே ஏற்றாமல் ஓட்ஸ் எப்படி வேகிறது என்று பலரும் கேட்பார்கள். அது ஏற்கெனவே வெந்ததுதான். அரிசி, கோதுமையோடு ஒப்பிட்டால் ஓட்ஸில் கொழுப்பு அதிகம். உமி நீக்கிய உடனே, தானியத்திலேயே இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்க ஆரம்பிக்கும். சில நாட்களில் கசப்பும் காறலும் வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆலையில் ஆவி காட்டுகிறார்கள். ஆவியில் இளகிய தானியத்தை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்கினால் ரோல்டு ஓட்ஸ். நாம் அவல் இடிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். அதனால்தான் இரண்டும் ஊறினாலே சாப்பிடத் தயாராகிவிடுகின்றன. இதையே இன்னும் மெல்லியதாகத் தட்டினால் இன்ஸ்டன்ட் ஓட்ஸ். அது இரண்டு மணி நேரத்தில் பசையாகிவிடும், எனக்கு உதவாது. தானியத்தை வெட்டி மட்டும் விற்கும் ஸ்டீல் கட் ஓட்ஸ், இரவு முழுக்க ஊறினாலும் பல்லில் நறநறக்கும். நடுவில் இருக்கும் கெட்டியான ரோல்டு ஓட்ஸ்தான் எட்டு மணி நேரம் ஊறியும் தன் உருவத்தை விடாமல் நிற்கிறது.

ஒரு ஜாருக்கு 40 கிராம் ஓட்ஸ், காய்ச்சி ஆறவைத்த பால் 80 மில்லி, புளிப்பேறாத தயிர் 50 கிராம், ஒரு ஸ்பூன் சப்ஜா விதை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அது இல்லாத ஜாரையும் இருக்கும் ஜாரையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிடக் கொடுப்பேன். இனிப்புக்குக் கருப்பட்டிப் பாகோ பேரீச்சை விழுதோ, ஓட்ஸுக்குள்ளேதான் போகும். வெட்டிய பழத்தின் மேல் சர்க்கரை தூவவே கூடாது. தூவினால் சர்க்கரை பழத்திலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும். பத்து மணிக்குத் திறப்பவர் முன்னால் கீழே சாறும் மேலே சக்கையும்தான் இருக்கும்.

“கம்பங்கூழும் பழையசோறும் இருக்கிற ஊர்ல இது எதுக்கும்மா?” என்று ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பழையசோற்றை நான் எங்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கம்பை இடித்து, கரைத்து, அடுப்பில் கிண்டி, ஆறவைத்துப் புளிக்கவிட்டால்தான் கூழ். புளிப்பு ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் பண்டத்தை இறுக்கி மூடி அனுப்ப முடியாது. வாயு சேர்ந்து மூடியைத் தூக்கும். கூழுக்குத் தெருமுனை வண்டியும் கூடவே மோர்மிளகாயும்தான் சரி. வெயில் காலத்தில் நாங்கள் கம்பைக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, மோர் சேர்த்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தைத் தனிப் பொட்டலமாக வைத்து ஒரு ஜார் தருகிறோம். அதற்கென்றே வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரியவரும் அவர்களில் ஒருவர்.

இந்த உணவுக்கும் ஒரு மூதாதை உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்கு ஒரு பச்சை உணவு கொடுத்தார். இன்று மியூஸ்லி என்று உலகம் முழுக்க விற்பது அதன் வழிவந்ததுதான். கடைகளில் கிடைக்கும் பாக்கெட்டைப் பார்த்து அதையும் தானிய உணவு என்றே நினைத்திருந்தேன். அவருடைய மூலக் குறிப்பில் ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டிதான், அதுவும் முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்தது. மற்றதெல்லாம் தோலோடு துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கெட்டிப்பால், பொடித்த கொட்டைப் பருப்பு. பழத்தைச் சாப்பிட வைக்கத்தான் ஓட்ஸ் துணைக்கு வந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வேலையில் முக்கால் பங்கைப் பழத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

பழத்துக்குக் கோயம்பேடு. 1996-இல் கொத்தவால்சாவடியிலிருந்து பெயர்ந்து வந்த சந்தை அது. அங்கே அதிகாலையில் மண்டிகளைச் சுற்றி வருவதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். நான் வாடிக்கையாக வாங்கும் மண்டி அண்ணாச்சி, பழத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் எதற்கு வாங்குகிறேன் என்பதை யோசிப்பார். “இன்னிக்கு இமாம் பசந்த் வேணாம்மா. மழை குடிச்ச பழம், நறுக்குனா தண்ணி விடும். சாப்பிடுறவங்களுக்குக் குடுக்கலாம், உனக்கு ஆகாது. நாளைக்கு சேலத்து லோடு வருது, அப்ப வா” என்பார். வியாபாரத்தைத் தள்ளிப்போட்டு இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பது என் தொழிலின் முதலீடு.

மாம்பழக் காலத்தில் கண் திறந்திருக்க வேண்டும். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் தோலெல்லாம் ஒரே மஞ்சளாகப் பளபளக்கும். வெட்டினால் கொட்டையை ஒட்டி வெளுத்துப் புளிக்கும். கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுவரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. முறையாகப் பழுக்க வைக்கும் கிடங்குகளில் இதைத்தான் செய்கிறார்கள். காம்படியில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தானாகப் பழுத்த பழத்தில் காம்படி மணக்கும். கல் வைத்த பழத்தில் அந்த இடம் ஊமையாக இருக்கும்.

எந்தப் பழம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வைத்துத்தான் என் வருஷம் நகர்கிறது. சித்திரையில் பங்கனப்பள்ளி. சதை இறுக்கம், முக்கால் அங்குலச் சதுரமாக நறுக்கினால் மத்தியானம்வரைகூட முனை மழுங்காது. இமாம் பசந்த் சுவையில் அதற்கு மேலே, உறுதியில் அதற்குக் கீழே. அதை மசித்துத் தயிரோடு கலந்து ஓர் அடுக்காக ஊற்றினால்தான் சரிவரும். ஆனி முடியும்போது வரும் நீலம் முழுக்கச் சாறு, அதையும் விழுதாகத்தான் சேர்ப்போம். மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே மாம்பழ விழுது போகும் ஜாரில் பால் 80 மில்லியிலிருந்து 50-க்கு இறங்கும். இந்தக் கணக்கை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பழத்துக்கு ஒரு வரி.

பண்ருட்டிப் பலா வரும் வாரங்களில் சமையல்கூடத்தின் வழக்கமே மாறும். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் பழத்தைப் பிளக்க வேண்டும். சுளையை மூடி இறுக்கமான டப்பாவில், தனி ஃபிரிட்ஜில் வைப்போம்; இல்லாவிட்டால் அதன் வாசனை பாலிலும் ஏறிவிடும். பலா போகும் ஜாரில் ஏலக்காய் கிடையாது. இரண்டும் ஒன்றை ஒன்று அழுத்தி, கடைசியில் எதுவும் தெரியாமல் போய்விடும். கோடையின் நுங்குதான் ரொம்பப் பொல்லாதது. வெட்டிய சில மணி நேரத்திலேயே அதன் இளமை போய்விடும். அன்று காலை வெட்டிய நுங்கை அன்றைக்கே, அதுவும் கிட்டத்தில் இருக்கும் அலுவலகங்களுக்கு மட்டும் அனுப்புகிறோம். மே மாதத்தில் கொடைக்கானல் பிளம்ஸும் பீச்சும் வரும். பிளம்ஸின் தோலில் இருக்கும் புளிப்பு ஓட்ஸின் மந்தத்தை நன்றாக வெட்டிக்கொடுக்கும்.

ஆனி ஆடியில் நாவல். கொட்டை நீக்கி, உப்பு ஒரு துளி போட்டு, தயிர் மேல் பரப்பினால் அரை மணியில் தயிரே ஊதாவாகும். அந்த நிறத்துக்காகவே படம் எடுத்துக் கூட வேலை பார்ப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள். துவர்ப்பு பிடிக்காதவர்களுக்கு நாங்கள் வேறு எதையும் கலந்து மறைத்துக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு அந்த வாரம் பேரிக்காய்.

ஆவணி புரட்டாசியில் சீத்தாப்பழம் வரும்போது வேலை இரண்டு மடங்கு. இதற்கு இயந்திரம் கிடையாது. என்னுடன் வேலை செய்யும் அக்காதான் இதில் கைகாரி. பழத்தை இரண்டாகப் பிளந்து, தோலை ஒட்டிய மணல்மணலான பகுதியை விட்டுவிட்டு, நடுச் சதையை ஸ்பூனால் வழித்துப் பெரிய கண் சல்லடையில் போடுவார். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தாமல், விரல் நுனியால் மெல்ல உருட்டுவார். சதை கீழே இறங்கும், கொட்டை முழுதாக மேலே நிற்கும். அழுத்தித் தேய்த்தால் கொட்டை உடையக்கூடும். சீத்தாக் கொட்டையின் பருப்பு நச்சுத்தன்மை உள்ளது, ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது. வழித்த சதையை வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகுதான் ஜாருக்குப் போகும். இந்தப் பழத்தைச் சூடுபடுத்தவும் கூடாது, கசந்துவிடும். விழுது கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, மேலே காற்றுப் படாதபடி தயிரால் மூடுவோம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழத்தில் சுவை இறங்கிவிடும், வரத்தும் குறையும். அப்போது பழம் இல்லாமலே ஓர் உணவு வேண்டும். ஓட்ஸைச் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்கவைத்து, உலர் அத்திப்பழம், வறுத்த தேங்காய்த் துருவல், வேர்க்கடலை போட்டுச் சூடாகவே ஃபிளாஸ்க்கில் அனுப்புகிறோம். மழையில் நனைந்து அலுவலகம் சேர்ந்தவர்கள் இதை விரும்பிக் கேட்கிறார்கள். மார்கழி, தை பிறந்தால் பழநிக்குப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா. விதை பல்லில் மாட்டாமல் இருக்க நடுப்பகுதியை வடிகட்டி விழுதாக்கி, ஓரச் சதையைத் துண்டுகளாகப் போடுவோம். துருவிய நெல்லிக்காயைத் தேனில் ஊறவைத்து ஒரு ஸ்பூன் மேலே வைத்தால் அது தனிச் சுவை.

பழத்துக்கும் பாலுக்கும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. அன்னாசியில் இருக்கும் புரோமலின் என்ற நொதி பாலின் புரதத்தை உடைக்கும். செய்த உடனே சாப்பிட்டால் தெரியாது. நான்கு மணி நேரத்தில் தயிர் நீர்த்து, நாக்கில் கசப்பு ஒட்டும். அன்னாசித் துண்டுகளை வாணலியில் சில நிமிடம் கொதிக்க வதக்கினால் அந்த நொதி செயலிழந்துவிடும். கொஞ்சம் மிளகும் சேர்த்தால் பழத்துக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். பப்பாளியிலும் இதே குணம் பப்பாயின் என்ற பெயரில் இருக்கிறது. அதை வதக்கினால் சுவை போய்விடும் என்பதால் ஜாரில் சேர்ப்பதே இல்லை. வாழைப்பழத்தை நறுக்கி அனுப்பினால் கறுத்துவிடும். அதனால் சிறிய மலைவாழைப்பழம் ஒன்றைத் தோலோடு ஜாரின் பக்கத்தில் வைத்துக் கட்டிவிடுகிறோம். அதற்கு அந்தத் தோலைவிட நல்ல பொட்டலம் யாராலும் செய்ய முடியாது.

காலை ஐந்து மணிக்கு அடுக்கும் வேலை ஆரம்பிக்கும். இரவே ஊறிக் குளிர்ந்திருக்கும் ஓட்ஸ் முதலில் ஜாரின் அடியில் போகும். ஜாரை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே நிற்கும் காற்றுக் குமிழிகள் வெளியேறும். அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குக் கெட்டித் தயிர். இந்தத் தயிர்தான் பழச்சாறு ஓட்ஸுக்குள் இறங்காமல் தடுக்கும் கரை. அதற்கு மேல் பழம். கழுத்துக்குக் கீழே ஒரு விரலிடை வெற்றிடம் விட்டால்தான், வேகத்தடையில் வண்டி குலுங்கும்போது மூடியில் ஒட்டாது. வறுத்த வேர்க்கடலையும் பூசணி விதையும் ஜாருக்குள் போவதே இல்லை. உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும் என்பதால், பட்டர் பேப்பரில் மடித்து மூடி மேல் ரப்பர் பேண்டால் கட்டுகிறோம். திறந்து, தூவி, சாப்பிட வேண்டியது அவர்கள் வேலை.

உணவில் கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான். குளிர்ந்த ஜார் 5-க்குக் கீழே, சூடான ஃபிளாஸ்க் 60-க்கு மேலே என்பதில் எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. சென்னையில் மே மாதம் காலை எட்டரை மணிக்கே 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஐஸ் பேக் வைத்த பையில் அடுக்கி, ஊசி வெப்பமானியால் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும். ஒவ்வொரு ஜாரின் மேலும் செய்த நேரம், சாப்பிட்டு முடிக்க வேண்டிய நேரம் இரண்டும் கையால் எழுதியிருக்கும். தினமும் ஒரு ஜாரை அதே போன்ற பையில் சமையல்கூடத்து வாசலிலேயே வைத்திருப்போம். பத்து மணிக்கு அதைத் திறந்து நானும் அக்காவும் சாப்பிடுவோம். சுவரில் இருக்கும் கணக்குகளெல்லாம் அந்த ஜாரிலிருந்து வந்தவைதான்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. கண்ணாடி ஜார் கனம், உடையும், திருப்பி வாங்க வேண்டும். ஆனாலும் தயிரின் புளிப்பும் பழத்தின் நிறமும் படியாத பாத்திரம் அதுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி ஜாரைத் திருப்பித் தந்தால் அடுத்த ஜாரில் கழித்துக்கொள்கிறோம். கண்ணாடியைக் கழுவுவது சுலபம், மூடியின் ரப்பர்தான் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை ஜாரிலிருந்து பிரித்து, சமையல் சோடா நீரில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தால்தான் நேற்றைய பலா இன்றைய கொய்யாவில் மணக்காது.

உடல்நலத்துக்காக இதை வாங்குகிறவர்களிடம் நான் பேசும்போது வார்த்தையை அளந்துதான் பேசுகிறேன். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும் என்ற அடிப்படையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அதைப் பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தது. என் ஒரு ஜாரில் இருப்பது ஏறக்குறைய அதில் பாதி. ஆகவே இது மருந்து ஆகாது, நல்ல காலை உணவு. ஊறவைத்தால் பைட்டிக் அமிலம் முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்வதில்லை. அதைச் சிதைக்கும் நொதி ஓட்ஸில் குறைவு, இருப்பதும் ஆலையின் ஆவியில் பெரும்பாலும் போய்விடுகிறது. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலக்க வாய்ப்பு உண்டு. குளூட்டன் ஆகாத நோய் உள்ளவர்களுக்கு நான் விற்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்டால் மாம்பழமும் பலாவும் வேண்டாம் என்று சொல்லி, கொய்யாவும் நாவலும் இனிப்புச் சேர்க்காமல் தருகிறேன். டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியும் அனுப்புகிறேன். சாப்பாடு விற்கிறவருக்கு வாடிக்கையாளரின் உடம்பின் மேல் ஒரு கடமை இருக்கிறது. விற்பனை குறைந்தாலும் அந்தக் கடமை குறையாது.

கொரோனா பரவிய 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, பழ வியாபாரம் மாதவரம் பேருந்து நிலையத்துக்கு மாறியது. அலுவலகங்களும் மூடிக்கிடந்தன. அந்த மாதங்களில் பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களும், தனியாக இருந்த வயதானவர்களும்தான் எங்களை நிறுத்தி வைத்தார்கள். மென்று சாப்பிடச் சிரமப்பட்டவர்களுக்கு ஓட்ஸைச் சற்றுக் கூடுதலாக ஊறவைத்து, பழத்தை மசித்துக் கொடுத்தோம். அவர்களுக்குச் செய்யப் பழகியதுதான் இன்று எங்கள் பட்டியலில் ‘மென்மை’ என்ற பெயரில் நிற்கிறது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் என்னிடம் வந்து, “அக்கா, எத்தனை வகை வெச்சா நல்லா ஓடும்?” என்று கேட்கிறார்கள். வகையை விடுங்கள், பழத்தைப் பிடியுங்கள் என்று சொல்கிறேன். ஒரு மண்டியில் நம்பிக்கையான ஒருவரிடம் வாங்கிப் பழகுங்கள். அந்தப் பழம் கிடைக்காத நாளில், “இன்னிக்கு இல்லைங்க” என்று வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்; டின்னில் அடைத்த விழுதை வைத்துச் சமாளிக்காதீர்கள். சித்திரையில் ஆரம்பித்துப் பங்குனிவரை, கையில் கிடைக்கும் ஒவ்வொரு பழமும் ஒரு மணி நேரத்தில் எப்படி இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் எப்படி இருக்கிறது, ஐந்து மணி நேரத்தில் எப்படி இருக்கிறது என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். ஒரு முழு வருஷத்தின் பழங்கள் அந்த நோட்டில் ஏறிய பிறகு விலைப்பட்டியல் அச்சடிக்கலாம்.